கனூ மாரத்தான்: படகு வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்

நியூயார்க் மாநிலத்தில் நான் இருக்கிற பக்கம் சஸ்குவஹானா ஆறு ஓடுகிறது. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, மெமோரியல் டே விடுமுறை அன்று, கூப்பர்ஸ்டவுன் ஊரின் ஒட்சீகோ ஏரியில் கிளம்பி பெயின்பிரிட்ஜ் வரை 70 மைல், அதாவது சுமார் 113 கிலோமீட்டர், ஒரே நாளில் துடுப்புப் போட்டுக்கொண்டே வருகிற ஒரு கூட்டம் உண்டு. அந்தப் படகுப் பந்தயத்துக்கு ஜெனரல் கிளிண்டன் கனூ ரெகாட்டா என்று பெயர். முதல் தடவை பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்தபோது இவர்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் கவனித்தால், முன்னால் போகிற படகுகளில் இருப்பவர்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை, தண்ணீர் தெறிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, ஏதோ இரண்டு பேர் சேர்ந்து உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுகிற மாதிரி ஒரே தாளம். பின்னால் வந்த படகுகளில்தான் தண்ணீர் நாலா பக்கமும் பறந்தது.

அதற்குப் பிறகு சில வருடங்களாக நானும் அந்தப் பின்னால் வருகிற கூட்டத்தில் ஒருவன், இப்போது நடுவில் வருகிறேன். வேகமானவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஆரம்பத்தில் செய்யக்கூடிய தப்புகளில் பெரும்பாலானதைச் சொந்தக் காசில் செய்து பார்த்தவன். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் யாராவது ஒருவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே "அது எப்படிங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் ஆறிப்போகும். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எந்தப் பந்தயம், எவ்வளவு தூரம்

கனூ என்றால் ஒரு முனையில் மட்டும் பிளேடு, அதாவது தண்ணீரைத் தள்ளுகிற தட்டையான பகுதி, உள்ள துடுப்பால் ஓட்டுகிற படகு. இரண்டு முனையிலும் பிளேடு இருந்தால் அது கயாக், அதற்கு இந்தக் கட்டுரை உதவாது. கனூவிலும் இரண்டு உலகம் இருக்கிறது. சர்வதேசப் போட்டிகளில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு ஒரே பக்கம் துடுப்புப் போடுவார்கள், அது தனி வித்தை. நான் சொல்வது வட அமெரிக்க ஆற்றுப் பந்தயம்: தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து, பெரும்பாலும் இரண்டு பேராக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போடுவது.

இந்த உலகத்தில் மூன்று பெரிய பந்தயங்கள் உண்டு, மூன்றையும் சேர்த்து டிரிபிள் கிரவுன் என்பார்கள். ஒன்று மேலே சொன்ன கிளிண்டன். இரண்டாவது மிச்சிகனில் ஆசேபிள் நதி மாரத்தான், 1947இலிருந்து நடக்கிறது, கிரேலிங் ஊரிலிருந்து ஹியூரான் ஏரிக்கரை ஒஸ்கோடா வரை 120 மைல். அது தொடங்குவதே இரவு 9 மணிக்கு, படகைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவில் ஓடிப் போய் ஆற்றில் குதிக்க வேண்டும், ராத்திரி முழுக்க இருட்டில் ஓட்ட வேண்டும், வழியில் 6 அணைகளை இறங்கி ஏறிக் கடக்க வேண்டும். 1994இல் செர்ஜ் கோர்பன், சாலமன் கேரியர் என்ற இருவர் அதை 14 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முடித்தார்கள். கோர்பன் அந்த ஒரு பந்தயத்தை மட்டும் 18 முறை ஜெயித்தவர், கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரர். மூன்றாவது பந்தயம் அவருடைய கியூபெக்கிலேயே, செயின்ட் மோரிஸ் ஆற்றில், 1934இலிருந்து நடக்கிற மூன்று நாள் கிளாசிக். இதெல்லாம் போதாது என்பவர்களுக்கு டெக்சஸில் 260 மைல் வாட்டர் சஃபாரி இருக்கிறது, முடிக்க 100 மணி நேரம் தருவார்கள்.

இதில் எதையும் முதல் வருடம் தொடாதீர்கள். சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், நானும் கேட்கவில்லை. கோடைக்காலத்தில் சின்னச் சின்ன ஊர்களில் 5 மைல், 10 மைல் பந்தயங்கள் நடக்கும், கட்டணம் குறைவு, சாதாரணப் படகுகளுக்கென்று ரிக்ரியேஷன் பிரிவு இருக்கும், முடிவில் யாராவது ஹாட் டாக் சுட்டுக் கொடுப்பார்கள். நியூயார்க், மிச்சிகன் இரண்டு மாநிலத்திலும் கனூ பந்தயச் சங்கங்கள் இருக்கின்றன, நாடு முழுமைக்கும் யு.எஸ்.சி.ஏ. என்கிற சங்கம் இருக்கிறது. அவர்களுடைய பந்தய அட்டவணையை எடுத்து, இன்னும் இரண்டு மாதத்தில் வருகிற மாதிரி ஒரு குட்டிப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். பணம் கட்டிவிட்டால்தான் உடம்பு எழுந்திருக்கும்.

முதல் செலவு துடுப்பு

படகை இரவல் வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம். இந்த விளையாட்டில் படகு இரவல் தருகிற மனிதர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு அதிகம், ஏனென்றால் ஒவ்வொருவர் வீட்டிலும் நாலு படகு கிடக்கும், மனைவியோ கணவரோ அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். துடுப்பு அப்படியில்லை, அது உங்கள் உடம்பு அளவுக்கு இருக்க வேண்டும்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற நேரான மரத்துடுப்பு வேண்டாம். பென்ட் ஷாஃப்ட் என்கிற, பிளேடு ஆரம்பிக்கிற இடத்தில் 12 டிகிரி அளவுக்கு வளைந்த துடுப்பு வேண்டும். மினசோட்டாவைச் சேர்ந்த ஜீன் ஜென்சன் என்பவர் கொண்டுவந்தது இது, படகு வடிவமைப்பிலும் இந்த உலகத்தில் அவர் பெரிய பெயர். வளைவு எதற்கு என்றால், நேரான துடுப்பை இழுத்துக்கொண்டு வரும்போது இடுப்பை நெருங்க நெருங்க பிளேடு சாய்ந்துபோய்த் தண்ணீரை மேலே தூக்க ஆரம்பிக்கும். நீங்கள் தண்ணீரை மேலே தூக்கினால் படகு கீழே அமுங்கும், அந்தச் சக்தி அத்தனையும் வீண். வளைந்த துடுப்பில் அந்தக் கடைசிப் பகுதியிலும் பிளேடு செங்குத்தாக இருக்கும். புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் இதைத் தலைகீழாகப் பிடிப்பார்கள், ஏனென்றால் கரண்டி மாதிரி அள்ளுகிற பக்கம்தான் சரி என்று கை சொல்லும். பிளேடு உங்களை விட்டு விலகி முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பார்க்கத் தப்பு மாதிரி இருக்கும், அதுதான் சரி.

நீளம் பெரும்பாலானவர்களுக்கு 48 முதல் 52 அங்குலத்துக்குள் வந்துவிடும். நான் ஐந்தடி ஏழு அங்குலம், 50 அங்குலம் போடுகிறேன். நல்ல கார்பன் ஃபைபர் துடுப்பு 300 கிராம் அளவுதான் இருக்கும், விலையைக் கேட்டால்தான் கனம் தெரியும். ஆனால் மணிக்கு மூவாயிரத்துச் சொச்சம் தடவை அதைத் தூக்கிப் போடப் போகிறீர்கள். முதல் வருடம் நான் கனமான மரத்துடுப்பில் காசு மிச்சம் பிடித்தேன், மிச்சம் பிடித்த காசு மணிக்கட்டு வீக்கத்துக்கு டாக்டரிடம் போனது. பழைய கார்பன் துடுப்பு பந்தய இடங்களிலேயே விற்பனைக்கு வரும், விளிம்பில் கொஞ்சம் சிராய்ப்பு இருந்தால் பரவாயில்லை, கம்பில் விரிசல் இருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

படகைப் பொறுத்தவரை முதலில் அகலமானதில் உட்காருங்கள். வெனோனா கம்பெனியின் மினசோட்டா 2 மாதிரிப் படகுகள் பதினெட்டரை அடி நீளம், ஓரளவு வேகம், அதே சமயம் தும்மினால் கவிழாது. பெரிய பந்தயங்களில் பார்க்கிற கார்பன் படகும் அதே நீளம்தான், ஆனால் ஒருவர் ஒரு தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற அளவுக்கு லேசு, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாலே ஆடும். இரவல் வாங்கிய அப்படி ஒன்றில் நான் உட்கார்ந்து, கரையில் நின்ற மகளுக்கு டாட்டா காட்டக் கையைத் தூக்கினேன். அவள் இன்னும் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உட்கார்ந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். காலடியில் ஃபுட் பிரேஸ் என்கிற குறுக்குக் கம்பி இருக்கும், முழங்கால் லேசாக மடங்கி, பாதம் அதில் அழுந்துகிற மாதிரி நகர்த்திப் பொருத்துங்கள். கால் எங்கேயும் ஊன்றாமல் இழுப்பது, வழுக்குகிற தரையில் நின்றுகொண்டு கிணற்றில் தண்ணீர் சேந்துவது மாதிரி. இரண்டாவது, படகின் சமநிலை. ஒரு டம்ளர் தண்ணீரைப் படகுக்குள் ஊற்றிப் பாருங்கள், அது முன்பக்கமாக ஓடினால் முன் இருக்கையைப் பின்னால் நகர்த்த வேண்டும், பின்பக்கமாக ஓடினால் முன்னால். நம் கடற்கரை ஊர்களில் படகின் முன்பக்கத்தை அணியம் என்பார்கள். அந்த அணியம் தண்ணீருக்குள் புதைந்தால் படகு சொன்ன பேச்சைக் கேட்காது.

துடுப்பு போடுவது எப்படி

இங்கேதான் எல்லோரும் கையால் இழுக்கிறார்கள். கையால் இழுத்தால் முக்கால் மணி நேரம் தாங்கும். உடம்பைத் திருப்ப வேண்டும். வலப்பக்கம் போடும்போது வலது தோள் முன்னால் போகிற அளவுக்கு இடுப்புக்கு மேலே உடம்பு திரும்பி, துடுப்பைக் கீழே பிடித்திருக்கிற கீழ்க்கை நீண்டு, பிளேடு பாதத்துக்கு அருகில் தண்ணீருக்குள் முழுசாக இறங்க வேண்டும். முழுசாக இறங்கிய பிறகுதான் இழுப்பு. பாதி இறங்கும்போதே இழுத்தால் காற்றும் தண்ணீரும் சேர்ந்து குபுக் என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்தாலே தப்பு. அப்புறம், திரும்பிய உடம்பு நேராகிற அசைவில்தான் துடுப்பு பின்னால் வர வேண்டும், அதே பக்கத்துக் கால் பிரேஸை மிதிக்க வேண்டும். துடுப்பின் மேல் நுனியைப் பிடித்திருக்கிற மேல்கை நெற்றி உயரத்தில், கீழ்க்கைக்கு நேர் மேலே, தண்ணீர்ப் பக்கம் நீண்டிருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்க்கிறவருக்குத் துடுப்பு செங்குத்தாகத் தெரிய வேண்டும். இடுப்பு வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு இழுப்பது பிரேக் போடுவதற்குச் சமம்.

ஒரு நிமிடத்துக்கு 60 தடவை, நொடிக்கு ஒன்று. இதுதான் தொடங்குகிறவர்களுக்கு நல்ல தாளம். பெரிய ஆட்கள் 70ஐத் தாண்டிப் போவார்கள், நீங்கள் இப்போதே அதற்குப் போனால் வீச்சு குறுகிப்போய்த் தண்ணீரைச் சுரண்டிக்கொண்டிருப்பீர்கள். முன்னால் இருப்பவர்தான் தாளம் வைப்பவர். பின்னால் இருப்பவர் அவருடைய தோளைப் பார்த்து அதே நொடியில் இறக்க வேண்டும். இரண்டு துடுப்பும் ஒன்றாக இறங்குகிறபோது படகு நிஜமாகவே முன்னால் தாவுவது தெரியும். கால் நொடி தள்ளி இறங்கினால் பலம் எவ்வளவு இருந்தாலும் படகு தள்ளாடும். ஜிம்மில் பெரிய பெரிய எடை தூக்குகிற நண்பர் ஒருவரோடு ஒரு வருடம் ஓட்டினேன், என்னைவிட வயதான இரண்டு பாட்டிகள் எங்களைப் பேசிச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். பேசிக்கொண்டே போனதுதான் எனக்கு வலித்தது.

சரி, படகு நேராகப் போவது எப்படி? ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் திரும்பத்தானே செய்யும். ஜே ஸ்ட்ரோக் என்று, இழுப்பின் முடிவில் துடுப்பை வெளிப்பக்கம் தள்ளித் திசையைச் சரிசெய்கிற ஒன்றைச் சுற்றுலாப் படகு வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள், பந்தயத்தில் அது ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் வேகத்தைத் தின்றுவிடும். பதிலாக, ஆறு அல்லது எட்டு இழுப்புக்கு ஒருமுறை இருவரும் ஒரே சமயத்தில் பக்கம் மாறுவார்கள். பின்னால் இருப்பவர்தான் வழக்கமாக "ஹட்!" என்று குரல் கொடுப்பார். அந்தச் சொல் வந்ததும் நடக்கிற இழுப்பை முடித்து, அல்லது அதற்கு மேல் ஒன்று போட்டு, இதில் எது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, மாற வேண்டும். கீழ்க்கை துடுப்பைக் குறுக்கே கொண்டுபோய் மேல்கையாகிவிடும், மேல்கை விட்டுவிட்டுக் கீழே வந்து பிடிக்கும். ஒரு இழுப்புகூடத் தவறக் கூடாது. நானும் என் இப்போதைய கூட்டாளியும், அவர் திருநெல்வேலிக்காரர், தமிழில் "மாத்து" என்று சொல்லிப் பார்த்தோம். இரண்டு அசை, நாக்கு மடங்கி வருவதற்குள் அவர் பாதியில் மாறிவிடுகிறார், நான் முடிவில் மாறுகிறேன். இப்போது நாங்களும் ஹட்தான்.

ஹட் எப்போது சொல்வது என்பதே ஸ்டியரிங். படகு இடப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தால், அது முழுசாக ஒதுங்கும் முன்னால், பின்னால் இருப்பவர் இடப்பக்கம் மாறியிருக்க வேண்டும். வளைவுகளில் இது போதாது. முன்னால் இருப்பவர் திரும்ப வேண்டிய பக்கத்தில் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கித் தன்னை நோக்கி இழுத்துப் பிடிக்க, பின்னால் இருப்பவர் படகை வளைவுக்கு வெளிப்பக்கமாக லேசாகச் சாய்க்க, படகு வெண்ணெயில் கத்தி போல வழுக்கித் திரும்பும். சைக்கிள் ஓட்டிப் பழகிய உடம்பு உள்பக்கம் சாயப் பார்க்கும். அகலமான படகில், முழங்கால் ஆழத்தில், நீச்சல் உடையில் பழகுங்கள்.

ஆற்றைப் படிப்பது

உடம்பு பயிற்சி பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆற்றைப் பற்றித்தான் யாரும் சொல்லித் தருவதில்லை, எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

வளைவில் வெளிக்கரைப் பக்கம் ஆழமும் வேகமும் அதிகம், உள்கரைப் பக்கம் மணல் சேர்ந்து ஆழம் குறைவாக இருக்கும். ஆனால் தூரம் உள்கரையில்தான் குறைவு. எனவே எப்போதும் ஒரு பேரம். ஓட்டம் வலுவாக இருந்தால் வெளிப்பக்கம் போங்கள், தண்ணீர் தூங்கிக்கொண்டிருந்தால் வளைவை வெட்டுங்கள். தண்ணீர் மேல் ஒரு வி வடிவம் தெரிந்தால் அதன் கூர்முனை எந்தப் பக்கம் என்று பாருங்கள். கூர்முனை கீழே, ஓட்டத்தின் திசையில் இருந்தால் அது இரண்டு தடைகளுக்கு நடுவே இருக்கிற வழி. கூர்முனை உங்களைப் பார்த்து இருந்தால் அங்கே பாறை உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் ஆழம். தொடை அளவு தண்ணீரில் போகும்போது திடீரென்று யாரோ பின்னால் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கும். நீங்கள் களைத்துவிட்டதாக நினைப்பீர்கள், அது களைப்பு கிடையாது. ஆழம் குறைவான தண்ணீரில் அலை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓட முடியாது. 60 சென்டிமீட்டர் ஆழத்தில் அந்த வேகம் மணிக்கு சுமார் 8.7 கிலோமீட்டர், கிட்டத்தட்ட உங்கள் படகின் வேகமேதான். அதனால் படகு தான் எழுப்பிய அலையைத் தானே ஏற முடியாமல், பின்பக்கம் அமுங்கி, மேடு ஏறுவது போலத் திணறும். ஆழமான பக்கம் தேடிப் போவது ஒரு வழி. இன்னொன்று, ஆழம் இன்னும் குறையட்டும் என்று காத்திருப்பது. 30 சென்டிமீட்டரில் அந்த எல்லை 6 கிலோமீட்டர் சொச்சத்துக்கு இறங்கிவிடும், அந்த இடத்தில் இருவரும் சேர்ந்து பத்துப் பதினைந்து இழுப்பு வேகமாகப் போட்டால் படகு தன் அலைமேல் ஏறிக்கொண்டு லேசாகிவிடும். பாப் பண்ணுவது என்பார்கள் பந்தயக்காரர்கள். முதல் தடவை அது நடக்கும்போது வாய் விட்டுச் சிரித்துவிடுவீர்கள். தரை தட்டுகிற ஆழத்தில் துடுப்பைப் பாதி மட்டும் இறக்குங்கள், கார்பன் பிளேடு கல்லில் மோதினால் உடைவது உங்கள் சம்பளம்.

அடுத்த படகு எழுப்புகிற அலையையும் வீணாக்காதீர்கள். ஒரு படகுக்கு நேர் பின்னால், அல்லது அதன் பக்கவாட்டில் உங்கள் முன்முனை அவர்களுடைய பக்க அலையின் இறக்கத்தில் இருக்கிற மாதிரி ஒட்டிக்கொண்டால், அதே வேகத்துக்கு நிறையக் குறைவான உழைப்பு போதும். சைக்கிள் பந்தயத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போவார்களே, அதே கணக்கு. இது ஏமாற்று வேலை கிடையாது, பந்தயத்தின் பாதியே இதுதான். ஆனால் ஒட்டிக்கொண்டே வந்து, ஒரு முறைகூட முன்னால் போய் இழுக்காமல், கடைசி நூறு மீட்டரில் மட்டும் தாண்டிப் போகிற ஜோடியை யாரும் அடுத்த வருடம் மறக்க மாட்டார்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் ஆற்றில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பாறை கிடையாது. கரையிலிருந்து சரிந்து தண்ணீரில் கிளை விரித்துக் கிடக்கிற மரம், தண்ணீரை விட்டுவிட்டு உங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வளைவின் வெளிக்கரையில்தான் இவை அதிகம், வேகமான தண்ணீரும் அங்கேதான். இரண்டாவது, பார்க்க ஒரு படிக்கட்டு அளவே இருக்கிற தாழ்வான தடுப்பணை. அதன் அடியில் சுழலுகிற தண்ணீர் மேலே விடாது. தடுப்பணை இருக்கும் இடத்தை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொண்டு, வெகுமுன்னாலேயே கரை ஒதுங்குங்கள். கவிழ்ந்தால் மல்லாந்து, கால் ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்து போங்கள். படகுக்கும் பாறைக்கும் நடுவில் ஒருநாளும் இருக்காதீர்கள், தண்ணீர் நிரம்பிய படகின் எடை உங்களை நசுக்கிவிடும். இந்த ஊரில் ஏப்ரல், மே மாதத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், தண்ணீர் மட்டும் பனி உருகி வந்ததாக இருக்கும், விழுந்த கணத்தில் மூச்சே நின்றுபோகும். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருப்பது சட்டம், நியூயார்க்கில் நவம்பர் 1 முதல் மே 1 வரை இந்த மாதிரிச் சின்னப் படகில் உடம்பில் போட்டிருப்பதும் சட்டம், மற்ற நாளில் போட்டுக்கொள்வது புத்தி. நீச்சல் தெரியாதவர்கள் முதலில் குளத்துக்குப் போங்கள், ஆறு எங்கேயும் ஓடிவிடாது. ஓடுகிறதுதான், ஆனால் தீர்ந்துவிடாது.

பயிற்சி, சாப்பாடு, மற்றதெல்லாம்

வாரத்தில் மூன்று நாள் போதும். ஒரு நாள் நீண்ட தூரம், பேசிக்கொண்டே போகிற வேகத்தில், ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து வாரத்துக்குக் கால் மணி கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு நாள் மூன்று நிமிடம் அழுத்தி, இரண்டு நிமிடம் தளர்த்தி, ஆறேழு முறை. மூன்றாவது நாள் வெறும் பழக்கம்: ஹட், திருப்பம், கரையில் இறங்கி ஏறுவது. 10 மைல் பந்தயத்துக்கு எட்டு வாரம் இப்படிப் போனால் தாராளமாக முடிப்பீர்கள். 70 மைலுக்குப் போகிறவர்கள் ஒரு முறையாவது ஐந்து மணி நேரம் படகில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், தோளுக்காக என்று நினைக்காதீர்கள், உட்காருகிற இடத்துக்காக. இருக்கையில் ஒட்டுகிற ஃபோம் பேட், தையல் இல்லாத கால்சட்டை, தாராளமாக வேசலின். கைக்கு மெல்லிய கையுறை அல்லது கொப்புளம் வரும் முன்பே பிளாஸ்டர்.

தண்ணீர் குடிக்கத் துடுப்பைக் கீழே வைக்க முடியாது. அதனால் ஒரு ஜக்கிலிருந்து நீளமான குழாய் வந்து வாய்க்கருகில் நிற்கிற மாதிரி எல்லோரும் அமைத்துக்கொள்வார்கள். வெறும் தண்ணீரை மட்டும் மணிக்கணக்காகக் குடிப்பது ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும், வாந்தி வரும். உப்பும் சர்க்கரையும் கலந்ததாக இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு 200 முதல் 300 கலோரி போய்க்கொண்டிருக்க வேண்டும், பசித்த பிறகு சாப்பிடுவது தாமதம். நான் முதல் 70 மைலுக்குப் புளியோதரையை உருண்டை பிடித்து ஜிப்லாக் பையில் கொண்டுபோனேன், யோசனை நன்றாகத்தான் இருந்தது, மூச்சு வாங்குகிற வாயில் வேர்க்கடலை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் இருமினேன். இப்போது உப்புப் போட்டு வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு, வாழைப்பழம், நடுவில் ஒரு எனர்ஜி ஜெல். பத்துமணி நேரப் பந்தயத்தில் ஒன்றுக்கு எங்கே போவது என்று எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். படகில்தான். ஸ்பாஞ்ச் எதற்குக் கொண்டுபோகிறோம் என்று நினைத்தீர்கள்?

நீண்ட பந்தயங்களில் கரையில் உங்களுக்கு ஆள் வேண்டும். முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு, ஜக்கின் கழுத்தை விரல் நுனியில் பிடித்துக் கையை நீட்டி, நீங்கள் வேகம் குறையாமல் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி தர வேண்டும், காலி ஜக்கைத் தூக்கிப் போட்டால் பொறுக்கிக்கொள்ள வேண்டும், திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் மனைவிதான் அந்த ஆள். பந்தயத்துக்கு மறுவாரம் அவர் கேட்கிற எந்த வேலைக்கும் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.

போர்ட்டேஜ் என்பது அணையோ தடையோ வந்தால் படகைத் தூக்கிக்கொண்டு கரையில் ஓடிக் கடப்பது. கிளிண்டனில் குட்இயர் அணையிலும் ஒனியோன்டா பக்கத்து அணையிலும் இப்படி. கரை நெருங்கும்போது முன்னால் இருப்பவர் முதலில் குதிக்க, பின்னால் இருப்பவர் உடனே, ஒருவர் பக்கத்தில் ஒருவர் இடிக்காமல். மரத்துப்போன கால் முதல் பத்து அடிக்கு உங்கள் பேச்சைக் கேட்காது, விழுவீர்கள், எழுந்து ஓடுங்கள். இதை வீட்டுத் தெருவில் பழகினோம், எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் இன்றுவரை எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

பந்தய நாளில் தொடக்கத்தில் இருபது முப்பது படகு ஒரே நேரத்தில் கிளம்பும், அலை நாலா பக்கமும் அடிக்கும், எல்லோரும் பறப்பார்கள். நீங்கள் பறக்காதீர்கள், முதல் ஐந்து நிமிடம் கவிழாமல் இருந்தாலே வெற்றி. தாண்டிப் போக வருகிறவர் எந்தப் பக்கம் என்று குரல் கொடுப்பார், வழி விடுங்கள். கிளிண்டன் பந்தயத்தின் பெயருக்கே ஒரு கதை உண்டு, அங்கே நிற்கும்போது யாராவது சொல்வார்கள். 1779இல் அமெரிக்கச் சுதந்திரப் போரின் நடுவில் ஜெனரல் ஜேம்ஸ் கிளிண்டன் ஒட்சீகோ ஏரியின் வாய்க்கு அணை போட்டுத் தண்ணீரைத் தேக்கி, ஒருநாள் அதை உடைத்துவிட்டு அந்த வெள்ளத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட படகுகளில் படையை மிதக்கவிட்டுக் கொண்டுபோனார். போன இடத்தில் அந்தப் படை எரித்தது இரோக்வாய் பழங்குடி மக்களின் ஊர்களை. கதையின் அந்தப் பகுதியை மைக்கில் சொல்லி நான் கேட்டதில்லை. ஏரியிலிருந்து ஆறு கிளம்புகிற இடம் இன்றும் அவ்வளவு குறுகல், முதல் சில மைல் பாம்பு மாதிரி வளையும். அங்கே அகலப்படகுக்காரர்கள் எல்லாம் கரைப்புதரில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்பார்கள், நாங்களும்தான்.

முடிந்ததும் படகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிட்டு, ஒட்டியிருக்கிற பாசி, களையை எல்லாம் துடைத்துக் காயவைத்த பிறகே அடுத்த ஆற்றில் இறக்குங்கள், ஒரு நீர்நிலையின் களை இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்பதில் இங்கே கண்டிப்பு அதிகம்.

இப்படி இரண்டு மூன்று பந்தயம் ஆன பிறகும் ஆசை போகவில்லை என்றால், படகு. இலையுதிர் காலத்தில் வாங்குங்கள், புதுப்படகுக்கு மாறுகிறவர்கள் பழையதை அப்போதுதான் தள்ளிவிடுவார்கள். கெவ்லார் என்கிற வலுவான செயற்கை இழையில் செய்த படகில் ஒட்டுப்போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், ஒட்டு நன்றாகப் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள், எங்கேயாவது மெத்து மெத்தென்று உள்ளே போனால் விட்டுவிடுங்கள். இருக்கை நகர்கிற தண்டவாளம் துருப்பிடிக்காமல் ஓடுகிறதா, கூட்டாளிக்கும் கால் எட்டுகிறதா என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள். கிளம்புவதற்கு முன் வீட்டு காரேஜை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நான் அளக்கவில்லை, முதல் குளிர்காலம் முழுக்க என் படகின் பின்முனை பழைய ஜமுக்காளம் சுற்றிக் காரேஜ் கதவுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது.